நீ வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னேன்

என் மெகரக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் வெயிலா, நிழலா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நிம்மதி உண்டு என்று மட்டும் நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் பதில் வராத ஆளுக்கு எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்.

இதை எழுதி எனக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யை நாலு பேர் நடுவில் சொன்னேன். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே இதையும் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபித்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. குமணன்சாவடி சிக்னலில் நெரிசல் குறையவே இல்லை. பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ ஸ்டேஷன்களின் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் உன் குரல்தான் காதில் விழுகிறது. "எம்மாம் பெரிய கூரை சும்மா கீது பாரு தனம்" என்று நீ அங்கலாய்த்திருப்பாய். உன் பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள். சின்னவள் உன்னை மாதிரியே வாயாடி. யூசுப் அண்ணன் பாடியில் அதே கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் வந்தால் மனிதருக்குச் சாப்பிட நேரமில்லை. நானும் இப்போது மொட்டை மாடி ஏறுகிறேன். கால் நடுங்குகிறது. ஏறுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் நீ ஸ்டோர்ஸில் இருந்தாய், நான் டெஸ்பாட்சில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். கம்பெனியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் அடுத்த கம்பெனி கேட்டில் போய் நின்றபோது, நீ என்னைப் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், "கரண்டு பில்லு பாத்து அழாத ஊடு ஒண்ணு காட்டு. மாடில சோலார் போட்டுத் தர்ற வேலைய நாம செய்யலாம்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. சோலார் பொருத்தும் பயிற்சிக்கு இரண்டு பேர் பெயரையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தாய்.

கடை வாடகைக்கு எடுக்க வழியில்லை. கணக்கு மென்பொருள் வாங்க வழியில்லை. அதனால் இணையத்தில் எது எது இலவசமோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டோம். இலவச மெயில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதுகிற ஷீட். வீட்டுக்காரர் விவரத்தை நிரப்ப ஒரு ஃபார்ம். பேனல் கழுவ வேண்டிய நாளைச் சொல்ல ஒரு காலண்டர். பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து அறுந்துபோகிற வீடியோ கால். "இதெல்லாம் எங்க கீது, உன் கம்ப்யூட்டர்லயா?" என்று நீ கேட்டாய். கிளவுடில் என்றேன். அப்படியென்றால் மேகம் என்று அர்த்தம் சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மேகம் வந்தா நம்ம பேனலுக்கே ஆவாது. போயும் போயும் அதுலயா ஆபீஸ் வெச்சுக்கினு கீறோம்?"

முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீ ஏணியில் ஏறுவாய். தண்ணீர் டேங்க் நிழல் எதுவரை விழுகிறது, தென்னை மரம் எந்தப் பக்கம், இன்வெர்ட்டர் மாட்ட எந்தச் சுவர், எல்லாவற்றையும் மாடியில் நின்றபடியே போனில் நிரப்புவாய். ஆவடியில் என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு கட்டமாக எழுத்து தானாக ஊர்ந்து வரும். ஓரத்தில் குறிப்பு வேறு எழுதுவாய். "இந்த ஊட்டுல நாய் கீது, கேட்டுலயே நின்னு கூப்புடு." "பெரியவருக்குக் காது கேக்காது, போன் போடாத." "இந்தம்மா புருசன் தவறிப்போய் கொஞ்ச நாள்தான் ஆவுது, பில்லு யார் பேர்லன்னு மெதுவா கேளு."

ஆபீஸ் எங்கே என்று யார் கேட்டாலும் நீ கொஞ்சமும் கூசியதில்லை. "ஆபீஸ் இல்லீங்க. ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு போனு, வேலைக்கு ரெண்டு எலக்ட்ரீசியன். புடிச்சா குடுங்க" என்பாய். கொடுத்தார்கள். நீ சொன்னால் கொடுப்பார்கள்.

நான் அப்படி இல்லை அக்கா. உனக்குத் தெரியாமல் நான் கூசிக்கொண்டேதான் இருந்தேன். கொட்டேஷன் அனுப்பும்போது அந்த இலவச மெயில் முகவரியை எழுத்தைச் சின்னதாக்கி அடியில் போடுவேன். வீடியோ கால் பாதியில் அறுந்தால், "நெட் போயிடுச்சுங்க" என்பேன். இலவசம் என்பதால் அறுந்தது என்று சொல்ல வாய் வராது. ரேஷன் பையை மறைத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி அந்தத் தொழிலை நடத்தினேன்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. காய்ச்சல்தானே என்று நீ மாத்திரையை நீயே போட்டுக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் தட்டணு எல்லாம் இறங்கிவிட்டிருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நசரத்பேட்டையில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டோடு நீ போனில் பேசிக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொது விளக்குகளுக்கும் சோலார் வேண்டும் என்றார்கள். நீ போன பிறகு பேச்சு அப்படியே நின்றுபோனது. சில மாதம் கழித்து அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். நாம் செய்த எல்லா வேலையையும் சேர்த்தால்கூட அந்த ஒரு வேலைக்கு ஈடாகாது. நீ போன பிறகு நம் எலக்ட்ரீசியன்கள் இரண்டு பேருக்கும் என்னால் சரியாக வேலை தர முடியவில்லை. ஒருவர் வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டார். இந்த வேலை வந்தால் கம்பெனி நிற்கும். வராவிட்டால் நீ ஆரம்பித்தது என் கையில் முடியும். அப்படி ஒரு நிலைமை.

அசோசியேஷன் செயலாளர் கோதண்டம் என்று ஒருவர். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிக்காரர். கொட்டேஷனைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ஏம்மா, இது எல்லாரும் வெச்சிருக்கிற இலவச மெயில்தானே? கம்பெனி பேர்ல ஒரு முகவரிகூட இல்லையே. நாளைக்கு ஏதாவது ரிப்பேர்னா நாங்க எங்க வந்து நிக்கிறது? உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "குமணன்சாவடில இருக்கு சார்" என்றேன். வாயில் அந்த ஊர் ஏன் வந்தது என்றால், என் தம்பி குமார் அங்கேதான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நாங்க வந்து பாக்கறோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்கு விடுமுறை. அதுவும் எனக்குத் தோதாகிப் போனது. குமாரிடம் சாவி வாங்கினேன். சுவரில் இருந்த போக்குவரத்துக் குறிகளின் மேல் சோலார் பேனல் விளம்பரங்களை ஒட்டினேன். பெயர்ப் பலகையை மறைத்து நம் கம்பெனி பெயர் அடித்த பேனரைக் கட்டினேன். சித்தி மகள்கள் இரண்டு பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஆனால் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. ஆண் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நம்புவார்கள் என்று எனக்குப் பட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு பெண்கள் நடத்திய கம்பெனிக்கு நான் ஆள் தேடிய லட்சணம் அது.

யூசுப் அண்ணனைக் கேட்டேன்.

"நான் இன்னாம்மா பேசுவேன் அங்க? ஊசில நூல் கோக்கத்தான் தெரியும்" என்றார்.

"நீங்க பேசவே வேணாண்ணா. சும்மா உக்காந்தா போதும்."

"மெகர் ஆரம்பிச்ச வேலை. அதுக்கோசரம் வர்றேன்" என்றார். தானே தைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை மேல் வைத்தார், எடுத்தார், மடியில் வைத்துக்கொண்டார்.

கோதண்டம் சாரும் பொருளாளர் பிரேமா மேடமும் வந்தார்கள். மேடத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, இங்கே ஐடி வேலை. நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில், குமாரிடம் வண்டி பழகுகிற ஒருவர் கதவைத் திறந்து, "எல்எல்ஆர் வந்துச்சாண்ணா?" என்று கேட்டார். யூசுப் அண்ணன்தான் எழுந்து போய், அவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்தார்.

அப்போதுதான் பிரேமா மேடம் கேட்டார். "மொதல்ல எங்ககிட்ட ஒருத்தங்க போன்ல பேசுனாங்கல்லா, மெகர்னு? ரொம்ப நல்லா வெளக்கிச் சொன்னாங்க. அவங்களையும் பாத்துட்டுப் போலாம்னு நெனச்சோம். எங்க அவங்க?"

சொல்லியிருக்கலாம் அக்கா. ஒரே வார்த்தை. ஆனால் அந்த நேரம் என் புத்தியில் ஓடியது இதுதான்: முக்கியமான ஆள் செத்துப்போன கம்பெனி என்று தெரிந்தால் வேலை தர மாட்டார்கள்.

"அவங்க வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க மேடம்" என்றேன்.

உன் புருஷன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் கை அசைவது நின்றுபோனது தெரிந்தது. மேடம் அவரிடமே திரும்பி, "அப்படியா சார்? நல்ல ஸ்டாஃபை விட்டுட்டீங்களே" என்றார்.

யூசுப் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாங்க. நல்லா வேலை செய்யும். இப்போ வேற எடத்துல கீது" என்றார்.

அவர்கள் போன பிறகு பேனரை அவிழ்த்தது, விளம்பரங்களைக் கிழித்தது எல்லாம் அவர்தான். டீ கிளாஸ்களைக்கூட அவரே கழுவிக் கவிழ்த்தார். "பஸ்ஸு வந்துரும், வர்றேன்மா" என்று கிளம்பினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நடந்தது என்னவென்று இரண்டு பேர் வாயிலும் வந்துவிடும். அந்தப் பயம்.

வேலை நமக்குத்தான் என்று இரண்டு நாளில் போன் வந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதே. குடியிருப்போர் கூட்டத்தில் ஒருமுறை விளக்கிச் சொல்லிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் ஹாலில் திரையெல்லாம் இருந்தது. நாம் வேலை செய்த வீடுகளில் மாதாமாதம் எவ்வளவு மின்சாரம் வந்தது என்று காட்ட நம் ஷீட்டைத் திறந்தேன்.

ஓரத்துக் குறிப்புகளை மறைக்க மறந்துவிட்டேன். நாய், காது கேட்காத பெரியவர், எல்லாம் திரையில் பெரிசு பெரிசாக வந்து நின்றன, உன் பெயரோடு. பின்வரிசையில் யாரோ வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. பிடித்துப்போய்ச் சிரித்தது. வயதான ஒரு அம்மா, "இவ்வளவு பாத்துப் பாத்து எழுதியிருக்காளே, இந்தப் பொண்ணத்தான் எங்க வேலைக்கும் அனுப்பணும்" என்றார். "அவங்க வேலைய விட்டுட்டாங்களாம்" என்று பிரேமா மேடம் பதில் சொன்னார்.

"ஏன் விட்டா? எங்க இருக்கா இப்ப?" அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நானாக முன்வந்து உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. அதே பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அண்ணன் சொன்னதையே சொல்லலாம் என்றுகூட இருந்தது, வேறு இடத்தில் இருக்கிறாள் என்று. ஆனால் திரையில் உன் எழுத்து இருந்தது. "கொஞ்ச நாள்தான் ஆவுது, மெதுவா கேளு" என்று. யாரோ ஒரு வீட்டுச் சாவுக்கு நீ அவ்வளவு மரியாதை கொடுத்திருந்தாய். வாயைத் திறந்தபோது அழுகைதான் வந்தது.

"அவங்க எறந்துட்டாங்கம்மா. வேலைய விடல. அன்னைக்கி நான் சொன்னது பொய். அந்த ஆபீஸும் எங்களுது இல்ல, என் தம்பியோட டிரைவிங் ஸ்கூல். எங்களுக்கு ஆபீஸே கெடையாது. மேனேஜர்னு உக்கார வெச்சது அவங்க வீட்டுக்காரர."

கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆபீஸ் இல்லாததுகூடப் போகட்டும்மா. அந்த மனுஷன உக்கார வெச்சுக்கிட்டா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

பிரேமா மேடம் கேட் வரை வந்தார். "என்னையல்லா அவர்கிட்ட அப்படிக் கேக்க வெச்சிட்டீங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணையும் என் பொய்யில் பங்காளியாக்கியிருந்தேன். அது வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. சரிதானே? நான் அவர்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நம் எலக்ட்ரீசியன் ஒருவரும் போய்விட்டார். சொல்லிக்கொண்டுதான் போனார். மிச்சம் இருக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு அண்ணனூரிலும் திருமுல்லைவாயிலிலும் சின்னச் சின்ன வீடுகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

யூசுப் அண்ணனிடம் போய்ச் சொல்லப் பல நாள் ஆனது. கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். கூட்டத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில், "உங்க எதுக்கவே அப்படிச் சொன்னேனே, என்னை நாலு வார்த்தை திட்டுங்கண்ணா" என்றேன்.

கத்தரித்த துணித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "திட்டறதுக்கு இன்னாம்மா கீது" என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ வேலைய வுட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு சொன்ன பாரு, அப்போ ஒரு நிமிசம் எனக்கு நெசமாவே அப்டித்தான் தோணிச்சு. வேற எங்கியோ வேலைக்குப் போய்க்கினு கீறா, சாயங்காலமானா ஊட்டுக்கு வந்துருவான்னு. நல்லா இருந்துச்சும்மா. அதான் நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? என் பொய்க்குள் அவர் ஒரு நிமிஷம் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு பஸ் பிடித்து, நீ இல்லாத வீட்டுக்கு அவர்தான் திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் நான் அழுது முடித்து எழுந்து வந்திருப்பேன். இப்போது எதை வைத்து இந்தக் கணக்கைத் தீர்ப்பது என்று தெரியவில்லை. தீராது போலத்தான் இருக்கிறது. பாடியில் இருந்து ஆவடி வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டிருக்கிறேன். உன் பிள்ளைகள் போன் செய்தால்கூட வேலை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதுவும் பொய்தான்.

போன வாரம் திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டுக்காரர் கேட்டார், இந்தக் கம்பெனி யாருடையது என்று. "மெகருன்னிசான்னு ஒரு அக்கா ஆரம்பிச்சாங்க. எறந்துட்டாங்க. அவங்களோட இருந்தவ நான். எங்களுக்கு ஆபீஸ் கெடையாதுங்க" என்றேன். உன்னை மாதிரி சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

அக்கா, இனிமேல் உன்னை யார் எங்கே கேட்டாலும் நீ இறந்துவிட்டாய் என்றே சொல்வேன். அதனால் எது கை நழுவினாலும் சொல்வேன். வருகிற பெருநாளன்று உன் வீட்டுக்குப் போவேன். அண்ணன் முகத்தை நேராகப் பார்ப்பேன். கூச்சம் போகாது, போகவும் வேண்டாம். அதோடேயே உட்கார்ந்து, உன் பிள்ளைகள் பரிமாறுகிறதைச் சாப்பிட்டுவிட்டு, உன்னைப் பற்றிப் பேசிவிட்டு வருவேன். இது சத்தியம்.

அக்கா என்று கூப்பிட வாய் கூசினாலும், வேறு எப்படியும் கூப்பிடத் தெரியாத உன் தங்கச்சி,
தனம்